மேற்படி

நாள் 402. 07:10

இரண்டாம் மோட்டார் ஓடுகிறது. வேகம் நூற்றுக்கு நூறு. வைண்டிங் சூடு 118. பேரிங் அதிர்வு இயல்பு. போகும் நீர் 92, திரும்பும் நீர் 41. மோட்டார் அறை நைட்ரஜன் அழுத்தம்: மேற்படி. இன்சுலேஷன் அளவு: மேற்படி.

உலைமேடு. பணியில் இருப்பவர்: அருணகிரி.

நாள் 402. 15:40

காலையில் எழுதியது படிவம். இது என் சொந்த நோட்டு. யார் கையில் கிடைக்குமோ தெரியாது, அதனால் ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இது செவ்வாய். முப்பத்தொரு பேர் பள்ளம் என்று நாங்கள் சொல்லும் குழிக்குள் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அங்கிருந்து பதினாலு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேட்டுக்குப் பின்னால் அணு உலை. உலைக்குப் பக்கத்தில் ஒரு கேபின். கேபினில் நான் ஒருத்தன். உலையின் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியாகப் பள்ளத்துக்குத் தள்ளுவது ஒரே ஒரு மோட்டார். முதல் மோட்டார் போன வருடமே எரிந்துவிட்டது. வெளியே மைனஸ் எண்பத்து நாலு. மோட்டார் நின்றால் நாலரை மணி நேரத்தில் குழாய் உறைந்து வெடிக்கும். அப்புறம் அந்த முப்பத்தொரு பேருக்கும் சூடு என்பதே கிடையாது.

இன்று பதினோரு மணிக்கு, மின்கசிவைக் காட்டும் எர்த் லீக் விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. மோட்டாரை இருபது நிமிடம் நிறுத்திவிட்டு மெக்கர் வைத்துப் பார்த்தேன். செம்புக் கம்பிக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவே இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று மெகோமில் சொல்லும் கருவி அது. ஐந்துக்குக் கீழே போனால் மோட்டாரைத் தொடாதே என்பது சட்டம். படிவத்தில் இருப்பது 550.

மெக்கர் காட்டியது 4.

மூன்று முறை வைத்துப் பார்த்தேன். நாலுதான்.

நாள் 403. 13:15

உண்மையை எழுதுகிறேன். 550 என்பது நாள் 188-ல் நான் அளந்தது. அதற்கப்புறம் அளக்கவேயில்லை. அளக்க வேண்டுமென்றால் வெளியுடை மாட்ட வேண்டும், மோட்டார் அறைக்கு நடக்க வேண்டும், தலையணை போன்ற கையுறையோடு டெர்மினல் பெட்டியின் ஆறு போல்ட்டைக் கழற்ற வேண்டும். முழுசாக ரெண்டு மணி நேர வேலை. நாள் 128-ல் இங்கே வந்தேன்; முதல் ரெண்டு மாதம் தினமும் செய்தேன். தினமும் 550. பிறகு 'மேற்படி' என்று எழுதினேன். எனக்கு முன்னால் இங்கே இருந்தவரின் படிவத்தைப் புரட்டினால் அவரும் பக்கம் பக்கமாக அதையேதான் எழுதியிருக்கிறார். சிங்காநல்லூரில் இருபது வருடம், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவன் நான். அளக்காமல் ஒரு மோட்டாரைக் கூட வெளியே விட்டதில்லை. இங்கே வந்து புத்தி மழுங்கிவிட்டது.

இன்று மோட்டாரின் மூடியைத் திறந்தேன். காயில்களின் தலைப்பு வளைவில் வெள்ளைப் பொடி. சுண்ணாம்பு தூவினதுபோல. 

காரணம் தெரிந்துவிட்டது. மோட்டார் அறை முழுக்க நைட்ரஜன், நம்மூர்க் காற்றழுத்தத்தில் இருக்க வேண்டும். அறையின் இரட்டைக் கதவில் உள்கதவின் ரப்பர் வெடித்து அது கசிந்துபோயிருக்கிறது. இந்த ஊரின் மெல்லிய காற்றில் மின்சாரம் சுலபமாகத் தாவும். கண்ணுக்குத் தெரியாத பொறி, வினாடிக்கு ஆயிரக்கணக்கில், கம்பி மேலுள்ள எனாமல் பூச்சைக் கரையான் மாதிரி அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அழுத்தத்தையும் நான் 'மேற்படி' என்றுதான் எழுதி வந்தேன்.

ரப்பரை மாற்றினேன். இருந்த ஒரே சிலிண்டரை ஏற்றினேன். இனி அரிக்காது. அரித்தது திரும்பி வராது.

நாள் 404. 09:30

சூட்டைக் குறைக்க வேண்டும். வைண்டிங்கில் பத்து டிகிரி குறைந்தால் இன்சுலேஷனின் ஆயுள் ரெட்டிக்கும். தொழிலில் நுழைந்த முதல் வாரமே சொல்லித்தருவார்கள். ஆனால் வேகத்தை ஏற்றுவதும் இறக்குவதும் பள்ளத்தின் கையில். என்னிடம் இருப்பது மோட்டார் அறையில் ஒரு கைச்சுவிட்சு. நிறுத்தலாம், ஓட்டலாம், அவ்வளவுதான்.

பள்ளத்தில் சூட்டுக்குப் பொறுப்பு ரெஜினா. தூத்துக்குடிப் பெண், முப்பத்து நாலு வயது. தினமும் காலை எட்டு மணிக்குப் பேசுவோம். நான் அவளை அம்மிணி என்பேன், அவள் என்னை அண்ணாச்சி என்பாள். இன்று அவளிடம் பேரிங்கில் சத்தம் வருகிறது, வேகத்தை அறுபதுக்கு இறக்கு என்றேன். ஏன் பேரிங் என்று சொன்னேன்? வாயில் அதுதான் வந்தது. அவள் ஒரு கேள்வி கேட்காமல் இறக்கினாள். ரெண்டு நாளைக்கு மட்டும், வீடெல்லாம் குளிர்ந்துபோகும் என்றாள்.

வைண்டிங் சூடு 97. இன்சுலேஷன் 3.6. அளந்தது.

நாள் 407. 11:00

இன்சுலேஷன் 3.1. அளந்தது.

ரெண்டு நாள் மூன்றாகிவிட்டது. பள்ளத்தில் இப்போது பதினாலு டிகிரி. கம்பளி போர்த்திக்கொண்டு வேலை செய்கிறார்களாம். பேரிங் இன்னுமா சரியாகவில்லை என்று ரெஜினா கேட்டாள்.

மாற்று மோட்டார் எங்கே என்று இதைப் படிப்பவர் கேட்பார். பள்ளத்தில் ஒரு கணிக்கும் பெட்டி இருக்கிறது. நாங்கள் அனுப்பும் எண்களை வைத்து எந்தச் சாமான் எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லும். எல்லோரும் அதற்கு ஜோசியர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் 550-களைப் பார்த்து ஜோசியர் இந்த மோட்டாருக்கு ஒன்பது வருடம் ஆயுள் எழுதிவிட்டது. அதனால் போன கப்பலில் மாற்று மோட்டாரை இறக்கிவிட்டு, அந்த எடைக்கு ஓட்டப் பயிற்சி இயந்திரம் ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த கப்பல் இன்னும் பூமியிலிருந்து கிளம்பவில்லை; முப்பத்தைந்து நாளில் வந்துவிடும் வேகக் கப்பல், நாள் 447-ல் இறங்கும். மோட்டார் அதில் வருமா என்பதே நான் வாயைத் திறந்தால்தான் தெரியும். வெளியே புழுதிக்காலம் வேறு. கப்பல் வரும்வரை இங்கிருந்து அங்கேயோ அங்கிருந்து இங்கேயோ வண்டி ஓடாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் எழுதிய சுரைக்காயை நம்பி முப்பத்தொரு பேர் உலை வைத்திருக்கிறார்கள்.

நாள் 407. 16:20

சொல்லிவிட்டேன். பேச்சுப் பதிவிலிருந்து அப்படியே இறக்கி எழுதுகிறேன்.

"அம்மிணி, பேரிங்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது. வைண்டிங்தான் போச்சு. நாள் நூத்தி எம்பத்தெட்டுக்கு அப்புறம் நான் ஒரு நாள் கூட அளக்கலை. அத்தனையும் சும்மா எழுதிப்போட்டேன். இன்னிக்கு மூணுதான் இருக்குது."

 பேசும் கருவி திறந்தேதான் இருந்தது, அவள் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு மூடிவிட்டாள்.

நாள் 408. 17:05

எட்டு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவமானம். சோறு இறங்கவில்லை. நாலரைக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நேத்து ராத்திரி பூரா ஒங்களத் திட்டிக்கிட்டே கெடந்தேன். பொறவு எந்திரிச்சி என் படிவத்த எடுத்துப் பாத்தேன். இங்கன அவசர ஹீட்டர் இருக்கில்லா, மூணு கம்பி. மாசத்துக்கொருக்க ஓட்டிப் பாக்கணும். ஏழு மாசமா நானும் மேற்படிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். 

நாள் 409. 10:10

அவசர ஹீட்டரை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மோட்டார் நின்றால் குழாயை ஒரு நாள் முழுக்கக் காப்பாற்ற வேண்டிய ஹீட்டர். மூன்று கம்பியில் ஒன்றுதான் சூடாகிறது. அது கூடுதலாக நாற்பது நிமிடம் தரும்.

மாற்று மோட்டார் கப்பலில் ஏற்றப்பட்டதாகப் பூமியிலிருந்து செய்தி வந்துவிட்டது. சொன்னதற்கு இந்த ஒரு பலன்.

இன்சுலேஷன் 2.9. அளந்தது.

நாள் 412. 08:40

ரெஜினா கூட்டம் போட்டு எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னை யார் என்ன திட்டினார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இனி தினமும் காலையில் என் எண்ணைத் தாளில் எழுதிச் சமையல் கூடத்துக் கதவில் ஒட்டுவார்களாம். பள்ளத்தில் இப்போது எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அளக்கிறார்கள். காற்று, தண்ணீர், பேட்டரி, எதிலும் மேற்படி கிடையாது. எண் வந்த கையோடு ஜோசியரிலும் ஏற்றிவிடுகிறார்கள். மோட்டார் வேகத்தையும் இப்போது அதன் கையிலேயே விட்டிருக்கிறார்கள்; என் எண் பத்துக்குக் கீழே இருக்கும்வரை ஜோசியர் வேகத்தை அறுபதுக்கு மேலே விடாது. நல்ல காரியம்.

2.7. அளந்தது.

நாள் 421. 06:50

ஐந்து ஐம்பதுக்கு மோட்டார் நின்றது. ஒரு காயிலுக்குள்ளேயே கம்பியோடு கம்பி ஒட்டி எரிந்திருக்கிறது. மூன்று கம்பிச் சுற்றில் ஒன்றான பி பேஸில், மின்சாரம் நுழையும் முதல் காயில். அடி எப்போதும் முதல் காயிலுக்குத்தான்.

ரீவைண்ட் செய்ய நேரமில்லை. எரிந்த காயிலை வெட்டி எறிந்துவிட்டு முன்னும் பின்னும் உள்ள ரெண்டு முனையை முறுக்கிச் சேர்க்கப்போகிறேன். கடையில் அறுவடை நேரத்தில் பம்ப்செட்டைக் கொண்டுவந்து காலைப் பிடிக்கிற ஆட்களுக்கு மட்டும் செய்துதருவேன். ஒரு வாரம் தாங்கும், அதற்குமேல் என்னைக் கேட்காதே என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

மோட்டார் அறையை நைட்ரஜனோடு சூடாக்கினால் கையுறையைக் கழற்றலாம். மூச்சுக்கு முகமூடி. செய்கிறேன்.

நாள் 421. 09:15

வெட்டியாயிற்று. வார்னிஷ் கல்லாக இறுகியிருக்கிறது. உளியால் பெயர்க்கும்போது பக்கத்துக் காயிலில் ஒரு கீறல். கண்ணாடி இழை நாடா சுற்றினேன்.  திரும்பும் நீர் 19.

நாள் 421. 10:20

ஓடுகிறது.

திரும்பும் நீர் 6 வரை போய்விட்டது. ரெஜினாவின் ஒற்றைக் கம்பி இல்லையென்றால் குழாய் போயிருக்கும். சேர்த்த முனைக்கு வார்னிஷ் பூசினேன். காயவைக்க அடுப்பில்லை. மோட்டாரே தன் சூட்டில் காயவைத்துக்கொள்ளட்டும். ஒரு காயில் குறைவு, அதனால் சத்தம் மாறிவிட்டது. முனகுகிறது. அறுபது வேகத்திலேயே 121.

இன்சுலேஷன் 0.9. அளந்தது.

நாள் 430. 12:00

0.6. அளந்தது.

முட்டி தேய்ந்துவிட்டது. போல்ட்டின் தலை தேய்ந்துவிட்டது. தினமும் போய், தினமும் நிறுத்தி, தினமும் அளந்து, தினமும் கொஞ்சம் குறைந்த ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு வருகிறேன். எதற்கு அளக்கிறேன்? அளப்பதால் ஒரு பொட்டு எனாமல் கூடப்போவதில்லை. இருந்தாலும் அளக்கிறேன். இருநூறு நாள் செய்யாமல் விட்டதை இப்போது செய்கிறேன். அலுப்பாக இருக்கிறது. தூங்கினால் அந்த முனகல் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது, எழுந்துவிடுகிறேன்.

நாள் 437. 08:30

0.3. அளந்தது.

இன்று ரெஜினா என் எண்ணை வாங்கிக்கொண்டு மூடவில்லை. அங்கே நிலைமை சரியில்லை என்றாள். விடியும் முன்பே எல்லோரும் சமையல் கூடத்துக் கதவுக்கு எதிரே வந்து நின்றுவிடுகிறார்களாம், தாள் ஒட்டுவதற்காக. சாப்பிடுவதில்லை. பெனடிக்ட் என்ற வெல்டர் மூன்று நாளாக வெளியுடையை மாட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறானாம். நேற்று ரெண்டு பேர் உடைக்காக அடித்துக்கொண்டு ஒருவருக்குக் கை ஒடிந்துவிட்டது. உடைகள் இருப்பதே பன்னிரண்டு. ஆட்கள் முப்பத்தொன்று.

"அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதிய. நாளைக்கி ரீடிங் என்னவா இருந்தாலும் நாப்பதுன்னு சொல்லுங்க. மோட்டார் காஞ்சி தேறிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன். ஒரு நாளாவது ஒறங்கட்டும். இப்பிடியே போச்சுன்னா குளிர் வருமுன்ன ஒருத்தர ஒருத்தர் கொன்னுருவாவ."

கோபம் வந்தது. இத்தனை பாடும் ஒரு பொய்யால்தானே என்று கத்தினேன். அவள் அழுதாள். அவள் அழுது இதுவரை நான் கேட்டதில்லை.

வார்னிஷ் காய்ந்தால் எண் ஏறுவது உண்டுதான். கேட்பவர்கள் நம்புவார்கள்.

நாள் 438. 08:05

0.04. அளந்தது. இது இன்சுலேஷனே இல்லை. இந்த வேகத்தில், இந்தச் சூட்டில், கப்பல் வரும் ஒன்பது நாளை இழுத்துப் பிடித்தாலும் பிடிக்கும். என் கடையில் இப்படி ஒன்று ஓடியிருக்கிறது.

ரெஜினா என்னை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். அத்தனை பேரும் சேர்ந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒருவர் இருமினார்.

"ரீடிங் சொல்லுங்க அண்ணாச்சி."

"நாப்பது. வார்னிஷ் காஞ்சிருச்சு அம்மிணி. இனி பயமில்லை."

 ஒரே ஆரவாரம். ஓர் ஆண் குரல் விக்கி விக்கி அழுதது. தட்டுகளை எடுக்கும் சத்தம். எல்லோருக்கும் சேர்த்துச் சமைக்கப்போகிறோம் என்று ரெஜினா சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. செய்தது சரிதான் என்று நினைத்தேன். எழுதும் இந்த நிமிடமும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாள் 438. 08:50

வேகம் 66.

நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

நாள் 438. 08:53

வேகம் 71. புரிந்துவிட்டது. யாரோ என் நாற்பதை ஜோசியரில் ஏற்றிவிட்டார்கள். ஒழுங்காக, கையோடு, உடனே. பத்துக்கு மேல் போனால் கட்டு அவிழ்ந்துவிடும். பள்ளம் பதினாலில் கிடக்கிறது, இருபத்தொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆகவே ஏற்று என்று அது ஏற்றுகிறது. எனக்குத் தெரியும் இது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரெஜினாவுக்கும்.

கூப்பிடுகிறேன். கட்டுப்பாட்டறையில் ஆள் இல்லை. எல்லோரும் சமையல் கூடத்தில்.

நாள் 438. 08:58

வேகம் 83. வைண்டிங் 139. மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுங்கள். யாராவது எடுங்கள்.

கைச்சுவிட்சில் மோட்டாரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் திரும்ப ஓடுமா தெரியாது. நிறுத்தாவிட்டால் எரியும். உடை மாட்ட இருபத்தைந்து நிமிடம். பதினைந்தில் மாட்டுகிறேன்.

91. 148.

நாள் 438. 10:05

அறைக் கதவைத் திறக்கும்போதே முனகல் இல்லை. கைச்சுவிட்சைத் தொடக்கூட இல்லை. ஏ பேஸும் பி பேஸும் இரும்புக் காடியான ஸ்லாட்டுக்குள்ளேயே உருகி ஒன்றாகிவிட்டன. செம்பு மணி மணியாகத் தரையில் சிந்திக் கிடக்கிறது. வெட்டி எறிய ஒரு காயில், ரெண்டு காயில் என்றால் செய்வேன். இதில் வெட்ட எதுவும் மிச்சமில்லை. திரும்பச் சுற்றக் கம்பி இல்லை. கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கிறது; குழாய்க்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை.

கேபினுக்குத் திரும்பினேன். பேசும் கருவியில் ஒரு செய்தி பதிவாகியிருந்தது. நேரம் 09:12, நான் உடை மாட்டிக்கொண்டிருந்தபோது; தலைக்கவசத்துக்குள் மணி கேட்கவில்லை. ரெண்டு முறை கேட்டேன். இனிமேல் கேட்க மாட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, குழாய் சுடச்சுட வருது. நீங்க கூட்டி விட்டியளா? நெசமாவே தேறிட்டா? எல்லாரும் கம்பளிய மடிச்சி வெச்சிட்டாவ. பெனடிக்ட் ஒடுப்ப கழத்திட்டு சாப்புட்டுக்கிட்டு இருக்கான். நானும் செத்த ஒறங்கப் போறேன். ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி."

திரும்பும் நீர் 38. இப்போது 37.